அண்ணனின் தொகுதி

அந்தக் குளிர்காலத்தில் வீட்டில் நான் ஒருத்திதான். பதினான்கு வருடம் வேலை பார்த்த மருந்துக் கம்பெனி எங்கள் பிரிவையே மூடி, நவம்பரில் எங்களை அனுப்பிவிட்டது. கணவருக்கு டெக்சஸில், கேட்டி என்ற ஊரில் ப்ராஜெக்ட். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை வருவார். ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடுவார். மகள் கலிபோர்னியாவில் கல்லூரியில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில், வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் தெருக் கார்கள் எல்லாம் காலை ஏழரைக்குள் ரயில் நிலையத்துக்குப் போய்விடும். பிறகு மூன்று மணிக்கு ஸ்கூல் பஸ் வரும்வரை தெருவில் ஒரு சத்தமும் இருக்காது. மதியச் சாப்பாட்டை நான் பதினொன்றரைக்கே சாப்பிட ஆரம்பித்திருந்தேன். செய்வதற்கு ஏதாவது ஒன்று வேண்டுமே.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்றரை மணி இருக்கும், இங்கிலாந்திலிருந்து அண்ணன் கூப்பிட்டான்.

"பாப்பா, லேப்டாப்பத் தொற. பார்லிமெண்ட் லைவ் போட்டிருக்கறாங்க. இன்னும் அரை மணி நேரத்துல ஓட்டெடுப்பு."

அண்ணன் எனக்கு ஆறு வயது மூத்தவன். திருப்பூரிலிருந்து போய் இருபது வருடமாக இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறான். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அண்ணி ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவளுக்குப் பெரும்பாலும் மாலை ஷிப்ட். பையன் லண்டனில். சாயங்காலங்களில் அவனும் தனியாகத்தான் இருந்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேற வேண்டும் என்று ஓட்டுப் போட்டவன் அவன். அது எனக்குத் தெரியும். ஏன் என்று நான் கேட்டதில்லை.

அன்று பிரதமர் கொண்டுவந்த விலகல் ஒப்பந்தத்தின் மேல் வாக்கெடுப்பு. பச்சை நிறத் தோல் இருக்கைகளில் இடம் போதாமல் உறுப்பினர்கள் படிகளில் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். ஆதரிப்பவர்கள் வலப்பக்க வழியாகவும் எதிர்ப்பவர்கள் இடப்பக்க வழியாகவும் எழுந்து நடந்து போய்த் தலையை எண்ணக் கொடுத்துவிட்டு வரவேண்டும். அந்தக் கால் மணி நேரமும் அண்ணன் போனிலேயே இருந்து எனக்கு விளக்கிக்கொண்டிருந்தான். வெளியேறவே கூடாது என்பவர்களும், இன்னும் அறுத்துக்கொண்டு வெளியேற வேண்டும் என்பவர்களும் ஒரே வாசல் வழியாக எதிர்த்து ஓட்டுப் போடப் போனார்கள். முடிவை அறிவித்தபோது அரசு மிக மோசமாகத் தோற்றிருந்தது. எனக்கு அதில் லாபமோ நஷ்டமோ இல்லை. ஆனாலும் லேப்டாப்பை மூட மனம் வரவில்லை. நாலரைக்கு இருட்டிப்போன சமையலறையில், விளக்குப் போடாமல், யாரோ ஒரு உறுப்பினர் மீன்பிடிப் படகுகளைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தேன்.

அதிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. காலையில் வேலைக்கு விண்ணப்பங்கள் அனுப்புவேன். பன்னிரண்டு மணிக்கு மேல் லேப்டாப்பை அடுப்புமேடைக்கு நகர்த்தி வைப்பேன். காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, பார்லிமெண்ட் ஓடிக்கொண்டிருக்கும். சில முகங்கள் பழகிவிட்டன. பச்சை ஸ்வெட்டர்க்காரர் இன்று வரவில்லையே என்று நினைக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். அந்த மாதங்களில் என் வீட்டில் அதிகம் பேசியவர்கள் அவர்கள்தான்.

மகள் ஒருநாள் வீடியோ காலில் இதைப் பார்த்துவிட்டு, "அம்மா, திஸ் இஸ் நாட் ஈவன் யுவர் கன்ட்ரி," என்றாள். மாமாவுக்காகப் பார்க்கிறேன் என்றேன். அவள் சரி என்று தோளைக் குலுக்கிவிட்டு, கிளாஸுக்கு நேரமாகிவிட்டதென்று போனாள்.

மாமாவுக்காக என்பது பொய்யில்லை. வாரத்தில் நான்கு நாள் அவன் கூப்பிட்டான். சின்ன வயதில்கூட நாங்கள் இவ்வளவு பேசியதில்லை. அவன் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் அவனுடைய தொகுதி உறுப்பினரிடம் வந்து நிற்கும். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. எதிர்க்கட்சி. அந்தத் தொகுதி மக்களில் பெரும்பாலோர் வெளியேற வேண்டுமென்று ஓட்டுப் போட்டிருந்தார்கள். அவரோ ஒவ்வொரு முறையும் ஒப்பந்தத்தை எதிர்த்து இடப்பக்கமாக நடந்து போனார். அண்ணனுக்கு அது தாங்கவில்லை. அந்தம்மாவுக்குக் கட்சியில் பெரிய பதவி மேல் கண் என்று ஒருநாள் சொல்வான். லண்டனில் பணக்காரர்களோடு பழகி ஊரை மறந்துவிட்டாள் என்று மறுநாள். நான் அவருக்குப் பரிந்து பேசுவேன். மனசுக்குத் தப்பென்று பட்டதற்கு எப்படிக் கை தூக்க முடியும் என்பேன். அவன் சிரிப்பான். மனசாட்சியைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்களா என்பான்.

மார்ச் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை அவன் அவரை நேரிலேயே பார்க்கப் போனான். அங்கே உறுப்பினர்கள் சனிக்கிழமைகளில் ஊர் நூலகத்திலோ சர்ச் ஹாலிலோ உட்கார்ந்து, வருகிறவர்களின் குறைகளைக் கேட்பார்களாம். ஒரு மணி நேரம் காத்திருந்து உள்ளே போய், நாங்கள் சொன்னதை ஏன் செய்யமாட்டேன் என்கிறீர்கள் என்று நேராகக் கேட்டிருக்கிறான்.

அவர் சொன்னதை அண்ணன் எனக்கு அப்படியே ஒப்பித்தான். ஊரில் கார் உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. இந்த ஒப்பந்தத்தால் அது மூடப்படலாம் என்று பயமாக இருக்கிறது. கட்சியும் எதிர்க்கச் சொல்கிறது. அதை மீறுகிற தைரியம் தனக்கு எப்போதும் இருந்ததில்லை. இதையெல்லாம் விட, வெளியேறுவது தப்பு என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் நான், இப்போது அதற்கே கை தூக்கினால் என் முகத்தை நானே எப்படிப் பார்ப்பது. அடுத்த தேர்தலில் தோற்பேன் என்று தெரியும் என்றும் சொல்லியிருக்கிறார்.

"நாலு காரணம் சொல்லுச்சு அந்தம்மா. இதுல எது நெசம்?" என்று அண்ணன் கேட்டான்.

எல்லாமே நிஜமாக இருக்கலாம் என்றேன். அவனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எனக்கும் அவ்வளவு நம்பிக்கையோடு சொன்னதாக நினைவில்லை.

அந்த மார்ச்சில் இங்கே கடிகாரத்தை முன்னதாகவே மாற்றிவிட்டோம். அங்கே மாற்ற இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஐந்து மணி நேர வித்தியாசம் நான்காகக் குறைந்தது. அண்ணன் ஒரு மணி நேரம் பக்கத்தில் வந்துவிட்டது போல இருந்தது எனக்கு. அவனிடம் அதைச் சொன்னேன். "வா, இன்னும் நாலு மணி நேரம் கொறச்சுட்டா ஒரே ஊர்தான்," என்றான். அதுதான் நாங்கள் அந்த வருடத்தில் கடைசியாகச் சிரித்துப் பேசியது.

அந்த மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை. ஒப்பந்தம் இரண்டு முறை தோற்றாகிவிட்டது. எதைத்தான் ஏற்பீர்கள் என்று கண்டுபிடிக்க, சபையே எட்டு வழிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் காகிதத்தில் ஓட்டுப் போட்டது. ஒப்பந்தமே இல்லாமல் வெளியேறுவது, சுங்க ஒன்றியத்தில் தொடர்வது, மக்களிடமே திரும்பப் போவது, வெளியேறுவதையே கைவிடுவது என்று வரிசையாக எட்டு. இங்கே மாலை ஆறு மணி ஆகப்போகிற நேரத்தில் முடிவு வந்தது. ஒவ்வொன்றாகப் படித்தார்கள். ஒன்றுகூடத் தேறவில்லை. எட்டையும் வேண்டாம் என்றுவிட்டது சபை.

எனக்கு ஏனோ அழுகை வந்தது. இத்தனை பேர் ஒரு அறையில் இருந்தும் ஒரு வார்த்தைக்கு வரமுடியவில்லையே என்று இருந்தது. அன்று காலையில்தான் நான் மூன்று கட்ட நேர்முகம் முடித்து எதிர்பார்த்திருந்த வேலை இல்லை என்று மெயில் வந்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. போன் அடித்ததும் எடுத்தேன்.

அண்ணன் கத்திக்கொண்டிருந்தான். இவர்கள் யாருக்கும் நாடு முக்கியமில்லை, நாற்காலி முக்கியம் என்றான். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியே காலத்தை ஓட்டி, கடைசியில் மக்கள் சலித்துப்போய் மறந்துவிடுவார்கள் என்று கணக்குப் போடுகிறார்கள் என்றான். நான் அன்றைக்கு அவனுக்குப் பதில் சொல்லியிருக்கக் கூடாது.

"அவங்களச் சொல்றியே, நீ எதுக்கு ஓட்டுப் போட்டே? வெளியூர்க்காரன் வரக்கூடாதுன்னுதானே? நீ வந்த கதவ நீயே சாத்தறே அண்ணா," என்றேன்.

அவன் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு பேசினான்.

"நீ கிரீன் கார்டுக்குப் பதினோரு வருசம் காத்திருந்தே. வேற நாட்டுக்காரனுக்கு ஒரே வருசத்துல கெடைக்குதுன்னு வாரா வாரம் என்கிட்ட அழுதே. அப்ப நான் உன்னைய இப்படிக் கேட்டனா?"

போனை வைத்துவிட்டான்.

நானும் திரும்பக் கூப்பிடவில்லை. அவனே கூப்பிடட்டும் என்று முதல் வாரம். இப்போது கூப்பிட்டால் என்ன பேசுவது என்று இரண்டாம் வாரம். அதற்குப் பிறகு, கூப்பிடாமல் இருப்பதும் ஒரு பழக்கமாகிவிட்டது. அண்ணிக்கு வாட்ஸ்அப்பில் பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் அனுப்புகிற மாதிரி பூப்படம் அனுப்பினேன். அவளும் ஒரு பூப்படம் அனுப்பினாள்.

பார்லிமெண்டை மட்டும் விடவில்லை. ஏப்ரலில் இன்னொரு முறை வேறு வழிகளை வைத்து ஓட்டெடுத்தார்கள், அவையும் தோற்றன. பிரதமர் மாறினார். ஜூனில் எனக்கு ஒரு கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது, அதுவும் வீட்டிலிருந்தே. பேசுவதற்கு ஆள் இல்லாத வேலை. ஒரு மூலையில் வேலை, இன்னொரு மூலையில் சின்னக் கட்டத்தில் அந்தப் பச்சை இருக்கைகள்.

அப்படி ஒரு நாள்தான் அண்ணனின் தொகுதி உறுப்பினர் பேசுவதைப் பார்த்தேன். திரையின் கீழே பெயரைப் போட்டதும் நறுக்கிக்கொண்டிருந்த பீன்ஸை விட்டுவிட்டுக் கிட்டப்போனேன். சபையில் இருபது பேர்கூட இல்லை. கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டு, கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார். தன் ஊர்க்காரர்கள் தன்னிடம் கோபமாக இருக்கிறார்கள், அந்தக் கோபம் நியாயமானது, ஆனாலும் இதைச் செய்ய முடியவில்லை என்றார். எங்கள் ஊர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர் ஒருவர் என்னிடம் நேரில் வந்து கேட்டார், அவருக்கு நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை என்றும் சொன்னார். யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் உட்கார்ந்ததும் அடுத்தவர் வேறு எதையோ பேச ஆரம்பித்தார்.

போனைக் கையில் எடுத்தேன். அண்ணா, உன்னைப் பற்றிப் பார்லிமெண்டில் பேசினார்கள் என்று சொல்ல வேண்டும். அவனுடைய பெயர் வரை போய்விட்டு வைத்துவிட்டேன். அவன் முதலில் பேசட்டும் என்கிற அந்தப் பிடிவாதத்துக்கு இன்றைக்கு எனக்கே காரணம் சொல்லத் தெரியவில்லை.

தீபாவளிக்கு ஒரு தமிழ்க் குடும்பத்தில், ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுபோகிற பாட்லக் விருந்து. நாற்பது பேர் வந்திருந்தார்கள். பிரியாணி வரிசையில் நின்ற ஒருவரிடம், பிரிட்டனில் தேர்தல் வரப்போகிறது என்று ஏதோ பேச்சுக்காகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பது தெரிந்தது. "அது அவங்க பிரச்சன, நமக்கு விசா புல்லட்டின்ல கிரீன் கார்டு வரிசை மூவ் ஆனா போதும்," என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோனார். காரில் வரும்போது கணவர் கேட்டார். "அண்ணாகிட்ட பேசணும்னா பேசிடேன். ஏன் ஊர்ல எல்லார்கிட்டயும் அவரத் தேடிட்டிருக்கே?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டிசம்பர் தேர்தலில் அந்தப் பெண்மணி தோற்றுப்போனார். எங்கள் மாலையில் வாக்கு எண்ணிக்கை வரத் தொடங்கியது. அவருடைய முடிவுக்காகக் காத்திருந்தேன். மேடையில் ஆறு பேரோடு வரிசையில் நின்று, ஜெயித்தவருக்குக் கை கொடுத்துவிட்டு, அதே தாளைப் படிக்கிற குரலில் நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். அண்ணன் எங்காவது பார்த்துக்கொண்டிருப்பான், சந்தோஷமாக இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமை பிரிட்டன் வெளியேறியது. எங்களுக்கு மாலை ஆறு மணி. டிவியில் கொடிகளும் கூட்டமும். நான் யோசிக்காமல் அவன் எண்ணை அழுத்திவிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"சொல்லு பாப்பா," என்றான், நேற்றுத்தான் பேசியது போல.

என்ன பண்ணுகிறாய், கொண்டாடுகிறாயா என்று கேட்டேன். மருத்துவமனைக் கார் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறேன், வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை என்றான். அந்தம்மா தோற்றுவிட்டாரே, உனக்குத் திருப்திதானே என்றேன். டிசம்பரில் நான் ஓட்டே போடப் போகவில்லை என்றான். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான்.

அப்பா போன பிறகு அம்மாவைத் தன்னோடு நிரந்தரமாக வைத்துக்கொள்ள அவன் விண்ணப்பித்திருக்கிறான். விதிப்படி, ஊரில் பார்த்துக்கொள்ள வழியே இல்லாத அளவுக்கு முடியாதவராக இருக்க வேண்டுமாம். அம்மா தானே எழுந்து நடக்கிறாள், சமைக்கிறாள் என்று மறுத்துவிட்டார்கள். இரண்டாவது முறையும் மறுத்தார்கள். அது வெளியேறும் ஓட்டெடுப்புக்கு முந்தின வருடம். அதே வருடம் அவன் பக்கத்து வீட்டுப் போலந்துக்காரரின் அம்மா, போலந்து ஒன்றியத்தில் இருப்பதால் எந்தக் காகிதமும் இல்லாமல், ஒரு பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கிப் பேரப்பிள்ளைகளோடு தங்கிவிட்டாள். அவள் தினமும் வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போடுவாள். இவன் ஜன்னலிலிருந்து பார்ப்பான்.

"ஒனக்குத் தெரிய வேண்டாம்னு அம்மாதான் சொன்னா. மகன் கூப்புட்டுக்குவான்னு ஊரெல்லாம் சொல்லிட்டா. அப்பறம் எந்த மொகத்தோட..." என்றான்.

அம்மா என் வீட்டுக்கு ஆறு ஆறு மாதமாக இரண்டு முறை வந்து இருந்தாள். இரண்டு முறையும் அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்து, அண்ணனுக்குப் போன் போட்டு, உனக்கு அம்மாவைப் பார்த்துக்கொள்ள மனசே இல்லையா என்று கேட்டவள் நான். ஊருக்குப் போனபோது, அம்மாவை வைத்துக்கொண்டே சித்திகளிடமும் அதையே சொல்லியிருக்கிறேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவள் திருப்பூரில் தனியாக இருந்தபோதுதான் போனாள்.

அவன் இன்னும் முடிக்கவில்லை. அம்மாவின் விண்ணப்பத்துக்காக மேலிடத்துக்கு இரண்டு கடிதம் எழுதிக்கொடுத்தது அதே தொகுதி உறுப்பினர்தான். நூலகத்தில் அவன் சண்டை போட்டுவிட்டு எழுந்தபோது, அவர் பழைய கோப்பைப் புரட்டிவிட்டு, உங்கள் அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கிறார்.

"நீ என்ன சொன்னே?"

"செத்துப்போயிட்டாங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நன்றின்னு ஒரு வார்த்த சொல்லலே. தோத்தப்பறம் கடையில ஒரு நாள் பாத்தேன் பாப்பா. தனியா வண்டியத் தள்ளிட்டு வந்துச்சு. நான் வேற வரிசைக்குப் போயிட்டேன்."

சபையில் அவர் பேசியதை அப்போதுதான் அவனிடம் சொன்னேன். உன்னைத்தான் சொன்னார் என்றேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் மன்னிப்புக் கேட்டேன், அம்மா விஷயத்துக்கு. சரி விடு என்றான்.

கோடையில் வருவதாக டிக்கெட் பார்த்தான். அடுத்த இரண்டு மாதத்தில் கொரோனா வந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. ஒன்றேமுக்கால் வருடம் கழித்து, நவம்பரில், பிரிட்டனிலிருந்து வருகிறவர்களை அமெரிக்கா மறுபடி விடத் தொடங்கிய முதல் மாதத்திலேயே வந்தான். நெவார்க் விமான நிலையத்தில் வெளிவாசல் தடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றேன். தலை முழுக்க நரைத்து, அப்பா மாதிரி நடந்து வந்தான்.

ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டேன். இமிகிரேஷன் வரிசை நீளம் என்றான். கார் டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் மீதியைச் சொன்னான்.

"எதுக்கு வந்தேன்னு கேட்டான். தங்கச்சியப் பாக்கன்னேன். அவ்வளவுதானான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"அவ்வளவுதான்னேன்."

இரண்டு வாரம் இருந்தான். பார்லிமெண்டைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. காலையில் கால்வாய்க் கரைப் பாதையில் நடப்போம். அவன் என் சமையலறைக் குழாயைச் சரிசெய்தான். ஒரு மதியம் அம்மா செய்கிற மாதிரி அரிசிம்பருப்பு சாதம் வைக்கப் பார்த்து, இருவருக்குமே அளவு தெரியாமல் குழைந்துபோனது. அப்படியே சாப்பிட்டோம். அவன் கிளம்பிய அன்று கணவர் கேட்டியில் இருந்தார். விமான நிலையத்திலிருந்து நான் தனியாகத் திரும்பி வந்தேன். விருந்தினர் அறைப் போர்வையை அவன் நான்காக மடித்து, தலையணை மேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். அதைத் துவைக்கப் போட எனக்கு நான்கைந்து நாள் ஆனது.